உருதுவில் உயிரோடிருந்த ராணி

"ரெண்டு பாஷையும் எழுதப் படிக்கத் தெரியுமாமே உனக்கு" என்றுதான் முதலாளி பேச்சைத் தொடங்கினார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு முந்திக்கொண்டு அப்பா பதில் சொன்னார். ஐந்தாவது வரை உருதுப் பள்ளிக்கூடம், அதற்குமேல் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் தமிழ் என்றார்.

"நான் பாப்பாவைக் கேக்குறேன் முன்ஷி."

"தெரியும்" என்றேன்.

"ஒருத்தர் தமிழ்ல ஒரு கதையைச் சொல்லிட்டு, அதையே உங்க பாஷையில சொன்னாருன்னா, ரெண்டும் ஒண்ணா, வேற வேறயான்னு சொல்லிடுவியா?"

"சொல்லலாம்."

"ஏதோ தோராயமா இல்ல. கரெக்டா."

"சொல்லலாம்" என்றேன் மறுபடியும்.

முதலாளி அப்பாவின் பக்கம் திரும்பினார். வண்டியில் கதை சொல்லும் மஹபூப் பாஷா மேல் தனக்கு ஒரு கோபமும் இல்லை என்றார். ஆனால் போன மாதம் வண்டியில் நடந்த சண்டை இன்னொரு தடவை நடக்கக் கூடாது. வருகிற வெள்ளிக்கிழமை பாப்பா வண்டியில் போகட்டும், செஞ்சியில் பாய் சொல்வதை இரண்டு பாஷையிலும் கேட்கட்டும். ஒன்றாக இருந்தால் சரி. இல்லையென்றால் வேலாயுதத்தை வரச்சொல்லி வைத்திருக்கிறார். அடுத்த டிரிப்பிலிருந்து அவர்தான்.

வேலாயுதம் சத்துவாச்சாரிக்காரர். நன்றாகப் பேசுவார். உருது ஒரு வார்த்தை தெரியாது.

அப்பா கொஞ்சம் தயங்கிவிட்டு, இது பாஷாவுக்குத் தெரியலாமா என்று கேட்டார்.

"தெரியட்டுமே. மறைச்சு வைக்க இது இன்னா போலீஸ் வேலையா? நீயே போய்ச் சொல்லிடு" என்று சொல்லிவிட்டு முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டார்.

இது ஐம்பத்தொன்பதில். சாமிநாதன் முதலாளிக்கு அப்போது வேலூரில் சில பஸ்கள் ஓடின. அப்பா அவருடைய ஆபீசில் கணக்கெழுதினார், அதனால் முன்ஷி. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி ஒரு பஸ்ஸை ரூட்டில் விடாமல் நிறுத்தி, கோட்டை டிரிப் என்று அனுப்பினார். விடியும்போது வேலூர்க் கோட்டை அகழிக்கு எதிரே புறப்பட்டு, ஆற்காட்டில் டெல்லி கேட்டைப் பார்த்து, ஆரணியில் பலகாரம் சாப்பிட்டு, சேத்துப்பட்டு வழியாகச் செஞ்சிக்குப் போய், இருட்டும்போது திரும்பி வந்துவிடும். வரும் வழியில் ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்க நிறுத்துவார்கள். அந்த வண்டி அதன் பிறகும் மூன்று மழைக்காலம் ஓடியது. இப்போது இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அகழி ஓரமாகப் போனால், பனியில் நனைந்த இஞ்சின் சூடாகும் வாசனையும், உள்ளே யாரோ பொட்டலம் பிரித்த பூரியின் வாசனையும் இன்னும் அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றும்.

வண்டியின் பின்பாதியில், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் கோஷாப் பெண்களுக்காகக் குறுக்கே ஒரு பச்சைத் திரை. முன்பாதியில் குடியாத்தத்து நெசவாளர்கள், காட்பாடி ரயில்வேக் குடும்பங்கள், வேலூர்க் கடைக்காரர்கள். மஹபூப் பாஷா டிரைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து நிற்பார். ஒல்லியான, உயரமான மனிதர். விரல் நுனிகளில் நகங்கள் சரியாக வளராது. ஒவ்வொரு இடத்தையும் முதலில் தமிழில் சொல்லுவார், பிறகு திரையின் பக்கம் நான்கடி வந்து உருதுவில் சொல்லுவார். தமிழ் நடக்கும்போது பின்னால் இருப்பவர்கள் குழந்தைக்குச் சோறு ஊட்டுவார்கள். உருது நடக்கும்போது முன்னால் இருப்பவர்கள் வேர்க்கடலை உரிப்பார்கள். அவரவர் பங்கு வரும்வரை யாரும் காது கொடுப்பதில்லை.

"பாய் ரெண்டு ஆளு வேலை செய்றாரு, ஒரு ஆளு சம்பளம் வாங்குறாரு" என்று டிரைவர் கன்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொல்லுவார்.

"உனக்கு இன்னா பேஜாரு? நீ ஒரே பாஷையில ஹாரன் அடி" என்பார் இவர்.

அந்த விரல்கள் ஆம்பூரில் அப்படி ஆனவை. சின்ன வயதிலேயே டேனரியில் சேர்ந்தவர். தோலிலிருந்து மயிரை வழித்தெடுக்கும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வேலை. அங்கே உடன் நின்றவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள். வழிக்கிற வேலைக்குக் கை மட்டும் போதும், வாய் சும்மாதான் இருக்கும் என்பதால் ஒருவர் மாற்றி ஒருவர் கதை சொல்லுவார்களாம். தேசிங்கு ராஜாவின் கதை இவருக்கு அங்கேதான், தமிழில், முழுசாக வந்தது. சுண்ணாம்பு விரலைத் தின்ன ஆரம்பித்ததும் வேலூருக்கு வந்து முதலாளியின் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தார். ஒரு கல்யாண கோஷ்டி செஞ்சிக்குப் போனபோது இவர் கதை சொன்னதை முதலாளி கேட்டார். கோட்டை டிரிப் என்ற எண்ணமே அங்கிருந்துதான் வந்தது.

ஆரம்ப நாட்களில் அவருடைய மனைவி வஹீதா சாச்சியும் முக்கால்வாசி டிரிப்பில் வருவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவருக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடி திரைக்குள் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் வீட்டில் இருக்க மாட்டார். கணவரின் உருது டேனரி உருது. அவர் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னால், திரைக்குள்ளிருந்து சரியான வார்த்தை கணீரென்று வரும். பெண்களெல்லாம் சிரிப்பார்கள். "வாத்தியாரம்மா திருத்திட்டாங்க" என்று அவரும் சிரித்துவிட்டு அந்த வார்த்தையையே மறுபடி சொல்லுவார். சாச்சி இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

முதலாளி சொன்ன சண்டை இதுதான்.

திரும்பி வரும்போது வண்டி ஆற்காட்டில் நின்றது. பேரணாம்பட்டிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள் திரையை விலக்கி, வண்டியை ஆற்றுக்கு அக்கரை ராணிப்பேட்டைக்கு விடச் சொன்னார். கையில் பூப்பொட்டலமும் ஊதுபத்தியும் இருந்தன. அங்கே என்ன இருக்கிறது என்று கன்னியப்பன் கேட்டார்.

"ராணி அம்மா சமாதி. தேசிங்கு ராஜா பீவி. பூ போடணும்" என்றார் அந்த அம்மாள், தனக்குத் தெரிந்த தமிழில்.

முன்சீட்டில் இருந்த குடியாத்தத்துக் கங்கம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"அவங்கதான் ராஜாகூட நெருப்புல பூந்துட்டாங்களேம்மா. மத்தியானம்தானே சொன்னாரு. எரிஞ்சு போனவங்களுக்கு ஏது சமாதி?"

"யார் சொன்னது? பல்லக்குல கூட்டியாந்தாங்க. நவாப் வூடு கட்டிக் கொடுத்தாரு. கெழவி ஆகித்தான் மவுத்தானாங்க."

"நல்லாக்குதே. நாங்க துட்டு குடுத்தா சாவு, நீங்க துட்டு குடுத்தா பல்லக்கா?"

வண்டி முழுக்கச் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு வேலூர் வரை நிலைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது, செஞ்சி ராஜா ஆற்காட்டு நவாபோடு சண்டையிட்டு இறந்தான், அவன் ராணி உடன்கட்டை ஏறினாள், அவள் நினைவாகத்தான் நவாப் அந்த ஊருக்கு ராணிப்பேட்டை என்று பேர் வைத்தார் என்பது. அப்படியிருக்க, யாருக்கு யார் பொய் சொன்னது என்று பேச்சு வளர்ந்தது. நவாபுக்கு நல்ல பேர் வாங்கித் தரத்தான் பாய் கதையை மாற்றுகிறார் என்று ஒருவர். நம்மை ஏன் முட்டாளாக்கினார் என்று திரைக்குள்ளிருந்து இன்னொருவர். அந்த அம்மாள் பூவை ஆற்காட்டிலேயே வண்டிக்கு வெளியே போட்டுவிட்டார். நாளைக்கு எவனாவது இதை வேறு மாதிரி திரித்துப் பேசினால் என்ன செய்வது என்பதுதான் முதலாளியின் கவலை. அது நியாயமான கவலைதான்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் ஏறினோம். சித்தப்பா முறையில் நான் சாச்சா என்று கூப்பிடும் மஹபூப் பாஷா, திரை முடிகிற இடத்தில், ஓர சீட்டைத் தட்டிக் காட்டினார். அங்கே உட்கார்ந்தால் முன்னால் சொல்வதும் கேட்கும், பின்னால் சொல்வதும் கேட்கும் என்று உருதுவில் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் வழியில் பார்த்தாலும் என்னோடு அவர் உருதுவில்தான் பேசுவார். என்னை எதற்காக அனுப்பியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். முகத்தில் அது இல்லை.

வேலூர்க் கோட்டையைப் பற்றி இரண்டு பாஷையிலும் ஒன்றே சொன்னார். டெல்லி கேட்டின் முன்னால் வண்டியை நிறுத்தி, மணல் மட்டும் தெரிந்த பாலாற்றைக் காட்டி, இந்த ஊரில் ஒரு காலத்தில் எத்தனை குதிரைகள் தண்ணீர் குடித்தன என்று சொன்னார். அதுவும் ஒன்றேதான். ஆரணிப் பக்கம் வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். சேத்துப்பட்டு தாண்டியதும் பாறைகள் தொடங்கின. தூரத்தில் செஞ்சியின் மலைகள், யாரோ பெரிய கற்களைக் கொட்டிவிட்டுப் போனதுபோலத் தெரிந்தன. நான் அதற்கு முன்னால் அவ்வளவு தூரம் போனதில்லை.

கல்யாண மகால், நெல் கொட்டி வைத்த களஞ்சியங்கள், யானைகள் குளித்த தொட்டி. எல்லாம் பார்த்தோம். ஆண்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தார்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு குளக்கரைக்குப் போனோம். அங்கே ஒரு மேடை. ராஜாவுக்குத் தீ மூட்டிய இடம் அதுதான் என்பார்கள்.

முதலில் தமிழ். சாச்சா மேடையின் அருகே நின்று சொன்னார். குதிரை விழுந்தது, ராஜா விழுந்தார், உடல் வந்தது. ராணி மஞ்சள் பூசிக் குளித்தாள். பட்டு உடுத்தினாள். மூன்று முறை சுற்றி வந்தாள். நெருப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள், உள்ளே போனாள். அவர் குரல் எங்குமே தடுக்கவில்லை. காட்பாடியிலிருந்து வந்த ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அவர் புளியமரத்தடிக்கு, எங்களிடம் வந்தார். உருது. வார்த்தைக்கு வார்த்தை நான் மனத்துக்குள் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குதிரை விழுந்தது, சரி. ராஜா விழுந்தார், சரி. உடல் வந்தது.

அதன் பிறகு பல்லக்கு வந்தது.

கதை சொல்லும் வேகமே மாறிவிட்டது. பல்லக்கு தூக்குகிறவர்கள் ராணியை ஏற்றிக்கொண்டு, நாங்கள் வந்த அதே வழியில் போனார்கள். சேத்துப்பட்டில் மரத்தடியில் இறக்கி வைத்தார்கள். ராணிக்குப் பல்லக்கின் ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டாள். மெதுவாகப் போங்கள் என்று சொல்லச் சொன்னாள். ஆரணியில் தண்ணீர் குடித்தாள். பாலாற்று மணலைத் தாண்டும்போது திரையை விலக்கி ஆற்றைப் பார்த்தாள். அக்கரையில் அவளுக்கு வீடு கட்டி வைத்திருந்தார்கள். வாசலில் வேப்பமரம். அங்கே தலை நரைக்கும்வரை இருந்தாள்.

அம்மா என் முழங்கையைத் தொட்டார். "அந்த எலுமிச்சம்பழம் வஹீதாவுடையது" என்றார், என் காதுக்கு மட்டும்.

சாச்சி எப்படி இறந்தார் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சும்போது அடுப்பு நெருப்பு முந்தானையில் பிடித்துக்கொண்டது. இரண்டு வருஷமாக அதையும் இந்தக் கதையையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டு பாஷையிலும் யாரும் கேட்கவில்லையே.

எல்லாரும் வண்டிக்கு நடந்தபோது சாச்சா எங்களோடு சேர்ந்துகொண்டார்.

"இன்னா, வேற வேறயா இருக்குதா?" என்று கேட்டார். தமிழில் கேட்டார். அவர் என்னிடம் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஒரு இடத்துல மட்டும் சாச்சா."

"தெரியும்." நடந்துகொண்டே சொன்னார். "தமிழ்ல அது கதையில வர்ற நெருப்பு. தொட்டிகிட்ட நின்னு கேட்டது, அப்படியே வந்துடுது. நம்ம பாஷையில அந்த இடத்துக்கு வந்து நெருப்புக்கு 'ஆக்'னு வாயெடுத்தா, அது எங்க வூட்டு அடுப்பு. அவ கடைசியா கத்தினது அந்த வார்த்தையைத்தான். நான் தெருவுல வர்றேன், காதுல வுழுது."

வண்டி கண்ணுக்குத் தெரிந்தது.

"மொதல் தடவை தானா வந்துடுச்சு அந்தப் பல்லக்கு" என்றார். "மறு தடவை நானே கூப்ட்டேன்."

முதலாளியிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. இதை மறைத்துவிடு என்றும் சொல்லவில்லை. ஆற்காட்டில் எல்லாருக்கும் முன்னால் இறங்கி, அம்மாவுக்குப் பேடாப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். வண்டி விளக்குப் போட்டுக்கொண்டு மேல்விஷாரத்தைத் தாண்டியது. முன்பாதியில் யாரோ பாட, பின்பாதியில் குழந்தைகள் தூங்க, அவர் எப்போதும்போல நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் முதலாளி வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, ஓர் இடம் தவிர எல்லாம் ஒன்றுதான் என்றேன். எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். காரணத்தை அப்பா சொன்னார்.

முதலாளி குனிந்து செருப்பைப் பார்த்தார். "அந்தம்மா நம்ம வண்டியிலதான் எப்பவும் வரும்" என்றார். பிறகு, "ஆனா வர்ற ஜனத்துக்கு அது தெரியாதே முன்ஷி" என்றார்.

பாஷா சாச்சாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தமிழிலும் ராணி சாகாமல் பல்லக்கில் போனதாகச் சொல்லிவிட்டால் என்ன என்று முதலாளியே ஒரு வழி சொன்னார். சாச்சா கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார். "அந்த உடன்கட்டைக் கதைக்குன்னே வர்றவங்க இருக்காங்க மொதலாளி. அவங்க ராணியை நான் மாத்தக் கூடாது" என்றார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த டிரிப்பில் முதலாளியே வருவார். சாச்சா உருதுவிலும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். முடியவில்லை என்றால் வேலாயுதம். அப்போது திரைக்கு அந்தப் பக்கம் கதையே இருக்காது. சும்மா உட்கார்ந்து வருவதற்கு அந்தப் பெண்கள் ஏறமாட்டார்கள் என்பது அப்பாவுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

முதலாளிக்கு உருது புரியாது. அதனால் நானும் மறுபடி போனேன்.

அந்த மாதம் நல்ல வெயில். குளத்தில் தண்ணீர் படிக்கட்டுக்கு வெகு கீழே போயிருந்தது. தமிழில் கதை முடிந்தது. முதலாளி புளியமரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பேரணாம்பட்டு அம்மாளும் வந்திருந்தார். இந்தத் தடவை பூ கொண்டுவரவில்லை.

சாச்சா உருதுவில் தொடங்கினார். குதிரை விழுந்தது. ராஜா விழுந்தார். உடல் வந்தது. சந்தனக் கட்டைகளை அடுக்கினார்கள். பல்லக்கு வரவில்லை. ராணி குளித்தாள், பட்டு உடுத்தினாள், சுற்றி வந்தாள். அதுவரை வந்துவிட்டார்.

"ராணி" என்றார். நின்றார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "அப்புறம் ராணி" என்றார் மறுபடியும், அங்கேயே நின்றார்.

யாரோ ஒரு குழந்தை, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டது. அதன் தாய் அதட்டினாள். முதலாளி அவரைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரணாம்பட்டு அம்மாள் மட்டும் சாச்சாவின் முகத்தையே பார்த்தார்.

அவர் பெண்களுக்கு ஓரமாக நடந்து, நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். நான் நாலு பேர் முன்னால் வாய் திறந்தவளல்ல. பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கக்கூட எழுந்து நின்றதில்லை. அது அவருக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு, சுற்றி இருந்த பெண்களுக்கு விளங்காதபடி, தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்.

"பில்கிஸ், இதுவரைக்கும் நான் கொண்டாந்து வுட்டுட்டேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நீ சொல்லிடும்மா. சத்தமா வேணாம், கேட்டாப் போதும். அதுக்கப்புறம் நவாப் வர்ற எடத்துலேர்ந்து நானே சொல்லிக்கிறேன்."